பழைய படம்

கணினியில் ஒரு படத்திலிருந்து இன்னொன்றைக் கழித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

மறுபடி கழித்தாள். திரை முழுக்க வெறும் சாம்பல் நிறம், துடைத்துக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி.

நட்சத்திர ஆய்வாளர் அவள். சென்ற மாதம் வானத்தின் ஒரு மூலையிலிருந்து காமாக் கதிர்கள் சில நொடிகள் சீறி அடங்கின. ஒரு பெரிய நட்சத்திரம் வெடித்ததால்தான் அது என்பது அவள் கட்சி. அப்படியானால் அதே இடத்தில், நாள் செல்லச் செல்ல, வெடித்ததன் வெளிச்சம் ஏறி வரவேண்டும். புதுப் படத்திலிருந்து பழைய படத்தைக் கழித்தால், புதிதாக வந்தது மட்டும் மிஞ்சவேண்டும்.

மிஞ்சவே மாட்டேன் என்றது.

மதியக் கூட்டத்தில் காட்ட ஒரு புள்ளியாவது வேண்டும். இல்லாவிட்டால் தொலைநோக்கியில் அவளுக்கு மிச்சமிருக்கும் முறைகளைக் குழுத் தலைவர் வேறு யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவார். மறுபடி முறை கிடைப்பதற்குள் நட்சத்திரம் மங்கிப்போகும்.

எதிர் மேசையில் அவள் கணவன். அவனுக்கும் இதே வேலை, கட்சிதான் வேறு.

“இல்லாததை எங்கேம்மா போய்த் தேடறே? அது ரெண்டு செத்த நட்சத்திரம் ஒண்ணோட ஒண்ணு மோதினது. விடேன்.”

“உங்களை யாரு கேட்டா? வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருங்க!”

மூடிக்கொண்டான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த எரிச்சலில்தான், யாரும் செய்யாத ஒன்றைச் செய்தாள். பழைய படத்தைத் தனியாகத் திறந்தாள். அந்த இடத்தின் படங்களிலேயே தெளிவானதைக் கணினி தானாகப் பழைய படமாக எடுத்துக்கொள்ளும். அதைப் போய் யார் பார்க்கிறார்கள்?

மூலையில் தேதி. காமாக் கதிர்கள் வந்து ஒரு வாரத்துக்குப் பிறகு எடுத்தது.

தலையில் அடித்துக்கொண்டாள். பழைய படம் பழையதே இல்லை. இத்தனை நாளும் நட்சத்திரத்திலிருந்து அதே நட்சத்திரத்தைக் கழித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

போன வருடத்துப் படம் ஒன்றைத் தேடிப்பிடித்துக் கழித்தாள்.

நடுவில் ஒரு புள்ளி உட்கார்ந்திருந்தது, ‘வந்து எவ்வளவு நேரமாச்சு’ என்று கேட்பதுபோல.

“எந்தப் புண்ணியவான் நடுவிலே போய் இதை எடுத்துவச்சான்?”

எதிர் மேசையில் அவன் காலிக் காப்பிக் குவளைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

அவள் தேதியை மறுபடி பார்த்தாள். அந்த வாரம் தொலைநோக்கி அவன் முறை. ஒரே மேகம், தன் வேலைக்கு ஒரு படம்கூட எடுக்க முடியவில்லை என்று வீட்டுக்கு வந்து அலுத்துக்கொண்டானே, அந்த வாரம்.

அவள் மூலையைப் பார்த்து அவன் எடுத்த படத்தில் மேகத்தின் சுவடே இல்லை.