சைனம்புவின் வலது கை

ஐந்தாம் ஜார்ஜுக்குப் பட்டாபிஷேகம் நடந்த வருஷம் அது. மேலப்பாளையத்தில் இறந்த பெண்களைக் குளிப்பாட்டுகிற பாத்துமுத்துவின் முன்னே அன்று கிடந்தவள், நெசவுக்காரர் வீட்டுச் சைனம்பு. ஐந்து வயதில், பாவு நூலுக்குப் போடக் காய்ச்சிய கஞ்சியில் வலது கையை விட்டவள், கண்ணுகளா. புண் ஆறும்போது தோல் சுருங்கி, நார்கள் இறுகி, விரல்களை உள்ளங்கைக்குள் இழுத்துக் கட்டிவிட்டன. அறுத்தால் விரல் தங்காது என்றார் வெள்ளைக்கார டாக்டர். மூடிய கையோடு, கலியாணம் ஆகாமலே நாற்பது வருஷம் இருந்துவிட்டாள்.

"உள்ளங்கையில தண்ணி படாம குளிப்பு நெறவேறுமா, மாமி?" என்று அழுதாள் தங்கை சுலைகா. "ஆனா லாத்தாவ நோவடிச்சிராதிய."

"மவுத்தானவளுக்கும் நோவும்னு எனக்குத் தெரியாதாட்டி? பைய செய்யுதேன்."

முதலில் மூட்டுகளை நீவித் தளர்த்துவது வழக்கம். வெந்நீர் விட்டு முழங்காலை நீவினாள், முழங்கையை நீவினாள். மணிக்கட்டைத் தொட்டதும் கை தானாக விரிந்தது.

உள்ளே தழும்பு இல்லை. நடுவில் வட்டமாக மருதாணி, விரல்நுனிகளில் தொப்பி, எல்லாம் செக்கச்செவேலென்று இருந்தது. மூன்று தரம் தண்ணீர் ஊற்றியும் நிறம் குறையவில்லை.

சுலைகா அந்தக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். குளிப்பாட்டுகிறவள் கண்டதை வெளியே சொல்லக்கூடாது, பாத்துமுத்துவும் சொல்லவில்லை. கபன் துணியைச் சுற்றிக் கொடுத்துவிட்டு, பாளையங்கால்வாயில் கைகழுவி வீட்டுக்கு நடந்தாள்.

எதிர்வீட்டுக்காரி அவள் கைகளைப் பார்த்துச் சிரித்தாள். "என்ன மாமி, இப்படிச் செவந்துல்லா கெடக்கு! யார் வீட்டுக் கலியாணத்துக்குப் போயிட்டு வாரிய?"