மாப்பிள்ளை எழுந்தாச்சா?

நாத்தனார் தோள்பையைக்கூட இறக்கவில்லை. நேராகக் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

தொட்டியில் ஈர மணல், ஒரு தண்ணீர்க் கிண்ணம், நாலைந்து காலிச் சங்குகள். நண்டைத்தான் காணோம்.

"மாப்பிள்ளை எங்க அண்ணி?"

"தூங்குறாரு."

ஐந்து வாரமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில். சொல்லும்போது குரல்தான் கீச்சென்று வந்து காலை வாரியது.

மாப்பிள்ளை ஒரு சங்கு நண்டு. குடியிருக்கும் சங்கு பிடிக்காமல் வேறு வேறு சங்காகப் போட்டுப் பார்ப்பான். வைத்த சாப்பாட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு முறைத்துக்கொண்டு நகர்வான். அந்தப் பவிசுக்கு வேறென்ன பெயர் வைப்பது?

வேலை விஷயமாக வெளியூர் போன நாத்தனார் அவனைத் தொட்டியும் மணலுமாக அண்ணியிடம் ஒப்படைத்துப் போனாள். கூடவே, குண்டு குண்டு எழுத்தில் இரண்டு பக்கக் குறிப்பு. மணல் காயக் கூடாது. தொட்டியை நகர்த்தக் கூடாது. மணலுக்குள் போனால் தோண்டவே கூடாது. கடைசி வரிக்கு அடியில் மூன்று கோடு.

அண்ணி அன்றைக்கு உருகிப் போனாள். உன் கைபட்டால் பிளாஸ்டிக் செடியும் வாடிவிடும் என்று அண்ணன், அதாவது அவள் புருஷன், ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவளை நம்பி ஓர் உயிரைக் கொடுத்த முதல் ஆள் இந்த நாத்தனார்தான்.

மூன்றாம் நாளே மாப்பிள்ளை மணலுக்குள் இறங்கிவிட்டான்.

ஒரு வாரம். இரண்டு வாரம். அண்ணி தினமும் தொட்டிக்குள் மூக்கை விட்டு மோந்து பார்த்தாள். மூன்றாம் வாரம் ஏதோ நாறியது. அண்ணனின் சாக்ஸ் தொட்டிக்குப் பின்னால் கிடந்தது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அவள் அழுது முடித்து, நண்டு விற்கும் கடைக்கும் போய் வந்துவிட்டாள்.

அண்ணி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். நூலளவு வித்தியாசமும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அதே பழுப்புச் சங்கு, அதே வெள்ளைக் கோடு என்று பார்த்துப் பார்த்து ஒரு நண்டைப் பொறுக்கினாள். இதே கோடு கேட்டு வரும் நாலாவது ஆள் நீங்கள் என்று கடைக்காரர் சிரித்தார். இருந்த பதற்றத்தில் அது காதோடு போயிற்று.

அந்தப் பாவியும் மறுநாளே மணலுக்குள் போய்விட்டான்.

இப்போது நாத்தனார் திரைச்சீலையை இழுத்து அறையை இருட்டாக்கினாள். ஓர் ஆப்பிள் துண்டை வைத்தாள். மணலில் தண்ணீர் தெளித்தாள். அண்ணனும் வந்து பின்னால் நின்றார். மூன்று பேரும் மூச்சுவிடவில்லை.

மணல் அசைந்தது. வெள்ளைக் கோடு எட்டிப் பார்த்தது.

தான் வாங்கி விட்ட ஆள்தான். அண்ணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நாத்தனார் உற்றுப் பார்த்தாள்.

மணல் மறுபடியும் அசைந்தது. அதே பழுப்பு, அதே வெள்ளைக் கோடு.

அண்ணி திரும்பிப் பார்த்தாள். அண்ணன் மும்முரமாக மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக்குக்கு மின்விசிறியில் என்ன வேலை? லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது என்று ஒருநாள் நேரம் கழித்து வந்தாரே, அன்றைக்குத்தானா? பிளாஸ்டிக் செடி என்று கேலி பண்ணின மனுஷன், அவள் பெயர் கெடக் கூடாதென்று திருட்டுத்தனமாக நண்டு வாங்கியிருக்கிறார்.

மூன்றாவதும் வந்தது.

அப்படியானால் இவன்தான் அசல். சாகவே இல்லை. தோல் கழற்றப் போயிருந்திருக்கிறான். கழற்றிய தோலைத் தானே தின்று, ஒரு சுற்றுப் பெருத்து வந்திருக்கிறான். அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். அண்ணனும் தன் பங்கை ஒப்புக்கொண்டார்.

நாத்தனார் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாவது ஆள் வந்தான். இப்போதுதான் பெயின்ட் அடித்த மாதிரி சிவப்பு. பழைய சங்கில் உடம்பு கொள்ளாமல் பிதுங்கியது.

"ஐயோ அண்ணி, இவன்தான் மாப்பிள்ளை."

நாத்தனாரின் மகள் ஹாஸ்டலுக்குப் போகும்போது விட்டுப்போன நண்டு அது. மகள் கிளம்பிய வாரமே மணலுக்குள் போயிற்று. செத்ததென்று நினைத்து, நாத்தனாரும் அதே கோட்டில் ஒன்றை வாங்கி விட்டிருக்கிறாள். அதையும் சாகடித்துவிடுவோமோ என்ற பயத்தில்தான் அண்ணியிடம் கொண்டுவந்து கொடுத்தாளாம். போனால், பாதிப் பழியாவது இந்தப் பக்கம் வரட்டும் என்று.

நம்பிக் கொடுத்தாள் என்று உருகினதெல்லாம் இதற்குத்தானா? அண்ணி அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வைத்த கையாலேயே கட்டிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை இருவரும் சிரித்தார்கள். நண்டுகள் நாலும் ஆப்பிளுக்கு முட்டி மோதிக்கொண்டிருந்தன.

சிரிப்பு அடங்கும்போதுதான் அண்ணிக்குக் கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. விரல் விட்டு எண்ணினாள். நாத்தனார், அண்ணன், தான். மூன்று பேர்தான் ஆகிறது. இவர்களுக்கு முன்னால் போன அந்த முதல் ஆள் யார்?

"இந்தக் குறிப்பு நீ எழுதினதா?"

"எனக்கேது இவ்வளவு நல்ல கையெழுத்து? மக எழுதி வச்சுட்டுப் போனது."

அண்ணி அந்தக் கடைசி வரியைப் பார்த்தாள். தோண்டவே கூடாது. அடியில் மூன்று கோடு.

தொட்டியின் மூலையில் தண்ணீர்க் கிண்ணம் தானாக ஒரு பக்கம் உயர்ந்தது.