சேர்ந்து வாழ முடியாது

"இந்த ஆளோட இனிமே வாழ முடியாது. கோர்ட்டுக்கு அப்படியே எழுதுங்க டாக்டர்" என்றாள் ரஞ்சனா.

"எனக்கும் இவ வாணாம்" என்றான் சதேந்திரா.

ஃபிஜித் தீவின் நமாகா ஊரில் மனநல ஆலோசகராக இருந்த தாரிணி, தன் குறிப்பை உரக்கப் படித்தாள்: "கணவரைத் திட்டிக்கொண்டே, அவருக்கு வியர்ப்பதைப் பார்த்து ஃபேனை அவர் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு முறையும்."

இருவரும் தலைகுனிந்தார்கள்.

"நிஜத்தைச் சொல்லுங்க. விவாகரத்து எதுக்கு?"

"மிலிட்டரி ஆட்சி வந்துடுச்சே டாக்டர், இனி இங்க எப்படிப் பொழைக்கிறது? சிட்னிக்காரன் ஒருத்தன் இவள பேப்பர்ல மட்டும் கட்டிக்கிறானாம். விசா கெடச்சதும் அவன விட்டுட்டு, என்னையே மறுபடி கட்டிக் கூப்பிட்டுக்குவா."

"பிரிய வேண்டிய ஜோடின்னு நான் எழுத மாட்டேன்."

சதேந்திரா நெஞ்சை நிமிர்த்தினான்.

"பாத்தியா ரஞ்சனா? பொய்க்குக்கூட நமக்குப் பிரியத் தெரியல!"