அந்த நோய் இல்லை

"கண்ணத் தொறக்காம சொல்லுங்க. இப்போ எங்க குத்துறேன்?"

"சுண்டுவெரல் நுனில, டாக்டர். நல்லா நோவுது."

செங்கல்பட்டில் தொழுநோய்க்குப் பேர்போன டாக்டர் தேவசகாயம் ஊசியை இடம் மாற்றி மாற்றிக் குத்த, நூர்முகமது ஒன்று விடாமல் சொன்னார். பக்கத்தில் நின்ற ரோஷன் பீவிக்குப் புருஷனின் ஒவ்வொரு பதிலிலும் போன உயிர் திரும்பி வந்தது. அந்த நோய் என்றால் விரலில் உணர்ச்சியே இருக்காது என்பது அந்த ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

விரல்களோ பார்க்கச் சகிக்கவில்லை. நகங்கள் வெடித்து, தோல் கறுத்து, ஆட்காட்டி விரலில் ஆறாத புண். அதைப் பார்த்துவிட்டுத்தான் சதுரங்கப்பட்டினத்துச் சம்பந்தி நிக்காஹ்வை நிறுத்தினார். 'குஷ்டம் இல்லேன்னு டாக்டர் சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்' என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார். மகள் ஷாஜாதி அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. பாவம், அவள் என்ன செய்வாள்.

டாக்டர் முழங்கையைத் தடவினார். பிறகு அக்குளில் விரல் வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"இன்னும் சந்தேகமா கீதா, டாக்டர்?" ரோஷன் பீவிக்குப் பொறுக்கவில்லை.

"இல்லம்மா. இது குஷ்டம் இல்ல. யார் வந்து கேட்டாலும் சொல்றேன்."

அவள் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அல்லா காப்பாத்திட்டான். சம்பந்தியாண்ட இன்னிக்கே ஆள் அனுப்பணும்."

நூர்முகமது சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்து மாதக்கணக்கில் ஆகிறது.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"மெட்ராஸ்ல ஒரு டாக்டராண்ட, எக்ஸ்ரே மிஷின்ல. கொழந்தைங்க அசைஞ்சா படம் கெட்டுடும். நாந்தான் கையக் காலப் புட்ச்சிக்கினு நிப்பேன். கண்ணாலத்துக்கு முன்னேருந்து அதே வேலைதான்."

வண்டி பிடித்து வருகிறேன் என்று அவர் வெளியே போனார். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதான் இல்லேன்னுட்டீங்களே, டாக்டர். அப்புறம் ஏன் ஒரு மாதிரியா கீறீங்க?"

"அது எக்ஸ்ரே சுட்ட புண்ணும்மா. புத்துநோயா மாறி அக்குள் வரைக்கும் வந்துடுச்சு. இனிமே கையையே எடுத்தாலும் அவரு பொழைக்கிறது கஷ்டம்."

டாக்டர் கையிலிருந்த ஊசியைத் தட்டில் போட்டார்.

"குஷ்டமா இருந்திருந்தா, மாத்திரை கொடுத்தே காப்பாத்தியிருப்பேன்."