பல் டப்பா

பரணில் வைத்திருந்த பிஸ்கட் டப்பாவைக் காணோம்.

மருது வீட்டையே புரட்டிப் போட்டுவிட்டான். அடுப்படியிலிருந்து அக்கா முத்துத்தாய் எட்டிப் பார்த்தாள். நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் கண்ணைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்போதே இவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

அக்கா புருஷன் சுருளி வாசலில் உட்கார்ந்து, கொட்டைப்பாக்கைக் கடைவாயில் கொடுத்து 'கடக்' என்று உடைத்துக்கொண்டிருந்தார். ஆரப்பாளையத்திலேயே பாக்குவெட்டி வாங்காத வீடு அது ஒன்றுதான். அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

"என்ன மாப்ள தேடுற? பல்லு டப்பாவையா? வைகையில வீசிட்டேன்."

"வீசிட்டீங்களா? எம்புட்டு அலைஞ்சு சேத்தேன் தெரியுமா மச்சான்?"

"புள்ளத்தாச்சி இருக்குற வீட்டுல ஊரான் பல்லையெல்லாம் கொண்டாந்து அடுக்குறியே, வெளங்குமா? நீ செய்வினை வைக்கப் படிக்கிறேன்னு தெருவே பேசுது. வாறவன் போறவன் எல்லாம் என்னையக் கேக்குறான்."

மருதுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நேராக ஆற்றுக்கு ஓடினான். வருஷம் முழுக்க மணலாகக் கிடக்கும் வைகையில் அன்றைக்குப் பார்த்து இடுப்பளவு தண்ணீர்.

பாவம், இன்டர்மீடியட் பாஸ் பண்ணிய நாளிலிருந்தே அவன் குழப்பத்தில்தான் இருந்தான். டாக்டராகு என்றார்கள். ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போனவன் ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தான். கம்பவுண்டராகலாம் என்று போனான், மருந்து வாடைக்குக் குடலைப் புரட்டியது. மாட்டு வைத்தியம் பழகப் போய் எருமையிடம் உதை வாங்கினான். பல்வலி என்று சேக் இஸ்மாயில் டாக்டரிடம் போன அன்றுதான், இன்னொருவருக்குப் பல் பிடுங்குவதை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தவன், மயங்கி விழவே மறந்துபோனான்.

இதுதான் நமக்கு என்று ஒரு நாள் தோன்றும். அடுத்தவன் எச்சிலில் கையை விட்டா பிழைப்பது என்று மறுநாள் தோன்றும்.

"கல்கத்தாவுல பல் டாக்டர் படிப்புக்கு நான் சேரப் போனப்போ, பல்லைக் கையில கொடுத்து மேல்பல்லா கீழ்ப்பல்லான்னு கேட்டாங்க" என்றார் டாக்டர். "நெசப் பல்லை வச்சுப் பழகிக்க தம்பி."

அதற்குத்தான் அந்த டப்பா. ஆனால் மதுரையில் பல்லைப் பிடுங்கிக்கொண்டவர் யாரும் அதை விட்டுவிட்டுப் போவதில்லை. எவன் கையிலாவது சிக்கிச் சூனியம் வைத்துவிட்டால்? துணியில் முடிந்து கையோடு கொண்டுபோய்விடுவார்கள். திருவாதவூரில் ஒரு பெரியவர் தானாக விழுந்த பல்லைக் கொடுத்தார், அவர் மருமகள் விளக்குமாற்றோடு தெரு முனை வரை துரத்தினாள். அப்படிச் சேர்த்த பற்கள். அதிலும் சொத்தை இல்லாத கடைவாய்ப்பல் கடைசி வரை கிடைக்கவில்லை.

"நல்ல பல்லை எவன் வந்து புடுங்கிக்குவான்?" என்று டாக்டர் சிரித்தார்.

இப்போது சொத்தைப் பல்லும் போயிற்று.

அதற்குப் பிறகு சுருளி நடந்துகொண்டதுதான் மருதுவை இன்னும் குழப்பியது. மில் விட்டதும் வீட்டுக்கு வருவதில்லை, எங்கோ சுற்றிவிட்டு வந்தார். ஒரு நாள் கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு வந்தவர் யாரிடமும் பேசவில்லை. தப்பும் பண்ணிவிட்டுக் கோபமும் இவருக்கா என்று மருதுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோற்றில், யாருக்கும் விட்டுக்கொடுக்காத நல்லி எலும்பை எடுத்து இவன் இலையில் வைத்தார்.

"நீ தின்னு."

சமாதானமா, நக்கலா? மருது அதைத் தொடவில்லை.

மறுநாள், கல்கத்தாவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வர டாக்டரிடம் போனான். அவர் பேசவே விடவில்லை. மேஜை மேல் ஒரு டப்பாவைத் தூக்கி வைத்தார். உள்ளே கழுவித் துடைத்த பற்கள்.

"எப்படி டாக்டர்?"

"ஒருத்தர் சாயங்காலம் சாயங்காலம் வந்து வாசல் திண்ணையில உக்காந்துக்கிட்டு, வர்றவங்களையெல்லாம் மடக்கினாரு. செய்வினையாவது ஒண்ணாவது, படிக்கிற புள்ளைக்கு ஒத்தப் பல்லு குடுத்தா கொறஞ்சா போயிருவீகன்னு ஒரே சண்டை."

"குடுத்துட்டாங்களா?"

"எங்க குடுத்தாங்க! 'ஊரான் பல்லைக் கேக்குறியே, ஒன் பல்லைக் குடுப்பியா?'ன்னு மலைச்சாமின்னு ஒருத்தர் கேட்டுட்டாரு. மனுஷன் வெடுக்குன்னு எந்திரிச்சு வந்து என் நாற்காலியில உக்காந்துட்டாரு. நல்ல பல்லை எடுக்க மாட்டேன்னேன். நீங்க எடுக்கலேன்னா ரோட்டோரத்துல பல்லுப் புடுங்குறவன்கிட்டப் போவேன்னாரு. அவன்கிட்டப் போயி வாய் சீழ் பிடிக்கிறதுக்கு நானே எடுக்குறது மேல்னு எடுத்தேன். அதைப் பாத்த பெறகு ஒருத்தரும் தன் பல்லைத் துணியில முடியல தம்பி."

மருது அந்தப் பல்லைக் கையில் எடுத்தான். கீழ்க் கடைவாய். சொத்தை மருந்துக்குக்கூட இல்லை. இரும்பு மாதிரி இருந்தது.

"யாரு டாக்டர் அவரு?"

"பேரைச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு. நீ இங்கேயே வச்சுப் படிக்கணுமாம். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதாம். புள்ளத்தாச்சி இருக்குற வீடாம்."

மருது அந்தப் பல்லைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடினான். டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தான்.

"என்னடா பல்லுப்புடுங்கி, இந்த முழி முழிக்கிற? கல்கத்தாவுக்கு எப்ப ரயிலு?"

வாசலில் உட்கார்ந்து சுருளி, புதுப் பாக்குவெட்டியால் பாக்கு நறுக்கிக்கொண்டிருந்தார்.