ஓரத்து முகம்

காலமான அண்ணன் நெகட்டிவைப் பெரிதாக்கி போட்டோ பிரிண்ட் போட வைத்திருந்த என்லார்ஜரில் ஒயர்கள் இற்றுப்போயிருந்தன. தம்பி புது ஒயர் போட்டு, லென்ஸைத் துடைத்து, ஜன்னலை அடைத்துவிட்டு ஸ்விட்சைத் தட்டினான். அதன் அடிப்பலகையில் வெளிச்சம் சதுரமாக விழுந்தது. அதன் நடுவே ஒரு கையின் நிழல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

பல்பை மாற்றிப் பார்த்தான். நிழல் போகவில்லை.

அண்ணி வந்து எட்டிப் பார்த்தாள்.

“அவர்தான்,” என்றாள், வாசலில் யாரோ வந்திருப்பதைச் சொல்வதுபோல. “பிரிண்ட் போடறப்ப முகத்துக்கு மேல இப்படித்தான் கைய ஆட்டிட்டே இருப்பார். மறைக்கலன்னா முகம் கறுத்துடுமாம்.”

பீரோவிலிருந்து ஒரு நெகட்டிவை எடுத்துக் கொடுத்தாள். தன் கல்யாணத்தன்று அண்ணன் கேமராவில் டைமர் வைத்து எடுத்த குடும்பப் படம். அன்று சாயங்காலம் மூண்ட சண்டைக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசியதே இல்லை.

தம்பி நெகட்டிவைச் செருகினான். பலகையில் எல்லோரும் வந்து நின்றார்கள். நிழல் அண்ணியின் முகத்தில் சற்றுத் தங்கியது. பிறகு நகர்ந்து போய், ஓரத்தில் மரத்தடி இருட்டில் உம்மென்று நின்ற தம்பியின் முகத்தின்மேல் நின்றது. அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது.

“எத்தனை தடவை போட்டாலும் உனக்குத்தான் ரொம்ப நேரம் மறைச்சுப் பிடிப்பார்,” என்றாள் அண்ணி. “அவசரப்பட்டு அணைச்சுடாத, தம்பி.”

அவன் ஸ்விட்சிலிருந்து விரலை எடுத்துக்கொண்டான்.