வீட்டு இலக்கம் கட்டாயம்

யாரும் கை வைக்காமலே மவுஸ் அம்பு திரையில் நகர்ந்தது.

மலையகத்து ஹட்டன் நகர மண்டபத்தில் விண்ணப்பம் போட வந்த சனமெல்லாம் சுவரில் விழுந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பெயர்க் கட்டத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. மாவட்டப் பட்டியல் தானே விரிந்து, கொழும்பைப் பிடித்துக்கொண்டு மூடியது. வீட்டு இலக்கம் விழுந்தது. வீதி விழுந்தது. கடைசியில் பொத்தானும் தானே அமுங்கியது.

"ஐயோ, பேய் எழுதுதுடி!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்த, மண்டபமே சிரித்தது.

ஆரூரனுக்குப் பெருமை தாங்கவில்லை. இந்தப் புலமைப்பரிசில் விண்ணப்பத்தை இணையத்தில் கட்டிக்கொடுத்த கொழும்புக் கம்பெனியில் அவன்தான் பொறுப்பாளன்.

"பேயில்லை அம்மா, எங்கட சுதர்ஷினி எழுதின ஸ்கிரிப்ட். மனுசர் நிரப்புற மாதிரியே நிரப்பிப் பாக்கும். பிழையெண்டா சிவப்பு, சரியெண்டா பச்சை. மாதக்கணக்கா ஓட விட்டனாங்கள். எல்லாம் பச்சை."

அந்தப் பெயரைச் சொன்னதும் மண்டபம் ஒரு கணம் அடங்கியது. பிறகு யாரோ கை தட்டினார்கள்.

சுதர்ஷினி கணினிக்குப் பின்னால் குனிந்தபடியே இருந்தாள். வரிசையை நிமிர்ந்து பார்க்கவில்லை.

முதலில் வந்து நின்றவள் காளியாயி. தேயிலைக் கொழுந்துக் கறை ஏறிய விரல்களால் மகளின் பெறுபேற்றுத் தாளை நீட்டினாள். மகளுக்குக் கம்பஸில் படிக்க இடம் கிடைத்திருந்தது. இந்த உதவி கிடைத்தால்தான் அனுப்ப முடியும். விண்ணப்பம் இன்றோடு முடிகிறது.

பெயர் ஏறியது. மாவட்டம் நுவரெலியா ஏறியது. வீட்டு இலக்கத்தில் வந்து நின்றது.

"லயத்துக்கு ஏதுங்க மிஸ் நம்பரு? தோட்டத்துப் பேரையும் டிவிசனையும் போட்டா ஆபீசுக்கு வந்துரும். கங்காணி காலையில பெரட்டுல பேரு கூப்பிடுறப்பக் குடுத்துருவாரு."

சுதர்ஷினி அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு அமுக்கினாள். கட்டம் சிவந்தது. கீழே வீதிக் கட்டமும் சிவந்தது. விண்ணப்பம் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

வரிசையில் நின்ற அத்தனை பேரும் லயத்து ஆட்கள், தோட்டத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள்.

ஆரூரன் குனிந்து பார்த்தான். முகம் சுருங்கியது. "தோட்டத்து விலாசம் ஒண்டாவது போட்டுப் பாத்தனீரோ?"

போட்டுப் பார்த்திருந்தாள். ஒரே ஒரு தடவை. பட்டியலில் நுவரெலியாவை எடுக்கச் சொல்லி, ஒரு தோட்டத்தின் பெயரைப் போட்டு, வீட்டு இலக்கத்தை வெறுமையாக விட்டு ஓட்டினாள். இதே சிவப்புத்தான் வந்தது. அந்த நேரம் பார்த்து ஆரூரன் தேநீர்க் கோப்பையோடு அவள் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றான். இந்த விலாசத்தை எங்கே பிடித்தீர் என்று கேட்டுவிட்டால்? அவன் வாய் திறப்பதற்குள் அந்த வரிகளை அழித்துவிட்டாள். அதற்குப் பிறகு ஓடியதெல்லாம் கொழும்பு வெள்ளவத்தையில் அவள் தங்கியிருக்கும் அறையின் விலாசம். ஒவ்வொரு முறையும் பச்சை.

"இல்லை அண்ணா. நான் அதை யோசிக்கேல்லை" என்றாள். அந்த யாழ்ப்பாணப் பேச்சைக் கொழும்புக்குப் போய்த்தான் பழகியிருந்தாள்.

காளியாயி அவள் வாயையே பார்த்தாள். "மிஸ் யாழ்ப்பாணமுங்களா?"

"வெள்ளவத்தைப் பிள்ளை அம்மா" என்றான் ஆரூரன். "இஞ்சத்தைய விசயம் அவவுக்கு எப்பிடித் தெரியும்?"

"அதானே" என்றாள் காளியாயி. "மிஸ்ஸுக்கு எப்படிங்க தெரியும், பாவம்."

ஆரூரன் கொழும்புக்குப் பேசினான். திருத்திப் போட நாளையாகும் என்றார்கள். "சரி, உம்மட ஸ்கிரிப்டில இருக்கிற விலாசத்தையே எல்லாருக்கும் போட்டு அனுப்பும். கடிதம் வந்தா பிறகு பாப்பம்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் போன் பேச வெளியே போனான்.

சுதர்ஷினி வெள்ளவத்தை விலாசத்தை அடித்தாள். பார்க்காமலே விரல்கள் அடித்தன. விண்ணப்பம் பச்சையாகிப் போய்ச் சேர்ந்தது.

காளியாயி தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, திரையைப் பார்ப்பவள்போலக் குனிந்தாள்.

"கடுதாசி வந்தா நீயே எடுத்துக்கிட்டு வா சுது. ஒவ்வொரு தீவாளிக்கும் ஒங்கம்மா நீ வருவேன்னு பலகாரம் சுட்டு வச்சிட்டு, பொழுது எறங்குனதும் எங்க காம்பராவுக்குக் கொண்டாந்து குடுத்துட்டுப் போறா. இன்னிக்கு ஒன்னப் பாத்தேன்னு நான் சொல்ல மாட்டேன்."

நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். "ரொம்ப நன்றிங்க மிஸ்."

அடுத்து வந்தவள் அதே லயத்துக் கோடிக் காம்பரா வீரம்மா. அவளுக்குப் பின்னால் கந்தப்பன். அவருக்கும் பின்னால் மேல் லயத்து ஆண்டியப்பன்.

அத்தனை பேரும் மிஸ் என்றே கூப்பிட்டார்கள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.